ஏரியும் சமவெளியும்: ஓய்வின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

சித்திரை வெயில் ஏறினால் மதுரையில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும்: 'ரெண்டு நாள் கொடைக்கானல் போயிட்டு வந்தா என்ன?' பேச்சு திட்டமாகும். எத்தனை மணிக்குக் கிளம்புவது, வத்தலக்குண்டில் காபியா டிபனா, எந்த லாட்ஜ், ஒரு ரூமில் எத்தனை பேர், ஏரியில் பெடல் படகா துடுப்புப் படகா. டிராவல்ஸ்காரர்கள் அடித்துத் தருகிற நோட்டீசிலும் இதே வரிசைதான். கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பார்க், தூண் பாறை, குணா குகை, ஏரி. ஒவ்வொன்றும் ஒரு 'பாயிண்ட்'. மலை என்பது இந்தப் பாயிண்டுகளின் கூட்டுத்தொகை. பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் ரோடு, தூங்குவதற்கு.

கவிதையையும் நாவலையும் கட்டுடைத்த நம் சிறுபத்திரிகைகள் இந்த நோட்டீசை ஒரு பிரதியாக எடுத்து வாசித்ததாகத் தெரியவில்லை. 'குட்டி முதலாளித்துவக் கேளிக்கை' என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுவோம். தள்ளிவிட்டு மே மாதம் குடும்பத்தோடு நாமும் போய்வருவோம். இரண்டும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. எனவே இந்தப் பிரதியைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம்.

முதலில் அதன் வினைச்சொற்கள். பார்க்கலாம், ரசிக்கலாம், சவாரி செய்யலாம், தங்கலாம். தமிழில் இந்த 'லாம்' விகுதிக்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை, இடமும் இல்லை. நானும் பார்க்கலாம், நீயும் பார்க்கலாம், யாரும் பார்க்கலாம். எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்கிற மாதிரி ஒரு இலக்கணம். இன்னொரு சொல்லும் இருக்கிறது: 'உட்பட'. உணவு உட்பட, தங்குமிடம் உட்பட. சமைப்பவர், படுக்கை விரிப்பவர், கக்கூஸ் கழுவுபவர், ராத்திரி பூரா மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர் எல்லோரும் இந்த 'உட்பட'வுக்குள் அடக்கம். பார்ப்பதற்கு வினைச்சொல் உண்டு, உழைப்பதற்குக் கிடையாது. 'லாம்' என்பதற்கும் 'உட்பட' என்பதற்கும் இடையிலுள்ள தூரம்தான் ஓய்வின் அரசியல்.

குடும்பத்துக்குள்ளேயே இந்தத் தூரம் தொடங்கிவிடுகிறது. திட்டம் போடுவது அப்பா. அதை நடத்துவது அம்மா. ஸ்வெட்டரைத் தேடி எடுப்பது, பிள்ளைக்கு வாந்தி மாத்திரை, விடிய மூணு மணிக்கு எழுந்து இட்லி அவித்துப் பொடி தடவிக் கட்டுவது, லாட்ஜ் குழாயில் ஈரத்துணி அலசிக் கட்டில் விளிம்பில் காயப்போடுவது. ஏரிக்கரையில் எடுத்த போட்டோவில் அவள் பையோடு நிற்பாள். பையை யாரிடம் கொடுப்பது?

2

இனி ஏரிக்கு வருவோம். கொடைக்கானல் ஏரியை இயற்கையின் கொடை என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அரசு அதிகாரி ஒருவரின் வேலை. 1863ல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாய்க் கிடந்த பள்ளத்தில் ஓடிய ஓடையை மறித்துக் கரை போட்டார். சுமார் 60 ஏக்கர் தண்ணீர் நின்றது. நட்சத்திர வடிவம் என்று நோட்டீஸ் பெருமைப்படும். பள்ளத்தாக்கின் கிளைகளுக்குள் தண்ணீர் ஏறியதால் வந்த வடிவம் அது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியவர்கள் யார் என்று யாரும் சொல்வதில்லை.

லெவிஞ்சுக்கு முன்பே இந்த ஓய்வின் கதை ஆரம்பித்துவிட்டது. 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் அடுத்தடுத்துச் செத்தார்கள். சிறுமலையில் பங்களா கட்டிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் துரத்தியது. 1845ல் கொடைக்கானலில் முதல் வீடுகள் எழுந்தன. அதாவது, மலையில் ஓய்வு என்பது தொடக்கத்தில் உயிர் பிழைக்கிற உபாயம். அதில் தப்பில்லை. சாகாமல் இருக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே காலராவில், அதே காய்ச்சலில் மதுரைச் சமவெளியின் சனங்களும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மலை கிடைக்கவில்லை; மலைக்கு ஆட்களைத் தூக்கிப் போகிற வேலை கிடைத்தது.

மோட்டார் ரோடு வந்தது 1910களின் நடுவில்தான். அதற்கு முந்தைய முக்கால் நூற்றாண்டு, பெரியகுளம் பக்கத்து அடிவாரமான கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து சுமார் 12 மைல் செங்குத்தான பாதை. துரைமார் குதிரையில், துரைசாணிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும், அவர்களுடைய பெட்டி படுக்கைகள் கூலிகளின் தலையில். அந்தப் பாதைக்கு ஆங்கிலேயர் வைத்த பேரே 'கூலி காட்'. பேரிலாவது கூலி இருந்தான். 1875ல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் பின்னாளில் 'கொடைக்கானல் ரோடு' ஆனது. வெயிலில் காய்கிற ஒரு சமவெளி ஊரின் ரயில்நிலையத்துக்கு, ரோடு வழியே 80 கிலோமீட்டர் போனால் வருகிற குளிரின் பெயர்! 1985ல் திண்டுக்கல் பிரிகிற வரைக்கும் கொடைக்கானல் மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மலை மதுரையின் மாடி அறையாகவே நிர்வகிக்கப்பட்டது புரியும். மாடியில் படகுக் குழாம் தொடங்கியது 1890ல். பொதுமக்களுக்கும் சுற்றுலா வருவோருக்கும் அது திறந்துவிடப்பட்டது 1932ல். ஏரிக்கு அப்போது வயது 69.

சமவெளியின் ஏழைகளுக்கும் அந்த நூற்றாண்டில் ஒரு மலை கிடைக்கத்தான் செய்தது. 1876–78 பஞ்சத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும், மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் கங்காணிகள் பின்னால் போய் ஏறிய இலங்கைத் தோட்டங்கள் அவை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் திரும்பிவந்தபோது, கொடைக்கானல் மலைகளில் வாட்டில் என்கிற சீகை மரம் வெட்டுகிற வேலையில் போய்ச் சிக்கியவர்களும் உண்டு. ஒருத்தனுக்குக் காற்று வாங்குகிற மலை, இன்னொருத்தனுக்குக் கடன் வாங்குகிற மலை.

ஜான் அரி 1990ல் எழுதிய 'சுற்றுலாப் பார்வை' என்ற நூலில், சுற்றுலாப் பயணியின் கண் இயல்பான கண் கிடையாது, சமூகம் பழக்கித் தயாரித்த கண் என்று வாதிடுகிறார். மருத்துவரின் பார்வை பற்றி ஃபூக்கோ சொன்னதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது இது. நமக்கு இதைச் சொல்ல பிரான்சும் இங்கிலாந்தும் தேவையில்லை. நம்முடைய திணைக் கோட்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சி 'மலையும் மலை சார்ந்த இடமும்' என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம். ஆனால் சங்கப் பாட்டின் குறிஞ்சியில் யாரும் மலையை வேடிக்கை பார்க்க வருவதில்லை. பெண்பிள்ளைகள் தினைப்புனத்தில் கிளி விரட்டுகிறார்கள். தேன் எடுக்கிறார்கள், கிழங்கு அகழ்கிறார்கள். காதலும் அந்த வேலைக்கு நடுவில்தான் நடக்கிறது. வேலை செய்கிற இடமாக இருந்த மலை, பார்க்கிற இடமாக மாறியது லெவிஞ்சின் நூற்றாண்டில். தாண்டிக்குடியின் கல்திட்டைகளும், பளியர்களும், பூம்பாறையிலும் வில்பட்டியிலும் படிக்கட்டு வயல் வெட்டியவர்களும் அதற்கு முன்பே அங்கே இருந்தார்கள். நோட்டீசில் அவர்கள் 'பாயிண்ட்' ஆகாததால் மலை காலியாகத் தெரிகிறது.

3

ஏரியை மதுரைக்கு எதிராக நிறுத்துவது என் நோக்கமில்லை. மதுரைக்காகவே உண்டான இன்னொரு மலை ஏரியும் இருக்கிறது: தேக்கடி. கொடைக்கானல் ஏரி ஓய்வுக்காக வெட்டப்பட்டது என்றால் இது சோற்றுக்காக நிறுத்தப்பட்டது. 1886ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை போட்டு, 1895ல் பென்னிகுயிக் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகைப் படுகைக்கு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரை, மேலூர் வயல்களிலும் நெல் விளைந்தது இதனால்தான். கம்பம் பக்கம் பென்னிகுயிக்கைக் குலசாமி மாதிரி கும்பிடுகிறார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் செத்து அணைக்கு அடியில் போன கூலிகளுக்குப் பொங்கல் வைக்க, அவர்கள் பேர் வேண்டுமே.

அந்தத் தண்ணீர்ப் பரப்பின்மேல் இன்று படகு ஓடுகிறது. நடுத்தண்ணீரில் கறுத்து மொட்டையாய் நிற்கிற மரங்களைப் படகில் போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். முழுகிய காட்டின் மிச்சம் அது. அந்தக் காட்டுக்குள் இருந்த மன்னான்களும் பளியர்களும் குமுளி ஓரத்துக்குக் குடியமர்த்தப்பட்டார்கள். ஒரே தண்ணீரை மேலூர் விவசாயி அடியில் அளக்கிறார். 142 அடி என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கு வாழ்வுப் பிரச்சினை. படகில் இருப்பவருக்கு அது பின்னணிக் காட்சி. இரண்டு பார்வைகளும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். மேலூர் விவசாயியின் மகனே தேக்கடிக்குத் தேனிலவு போகலாம். அப்போது அவன் எந்தக் கண்ணால் பார்க்கிறான் என்பதுதான் விமர்சனத்துக்கான கேள்வி.

2009 செப்டம்பர் 30ஆம் தேதி அந்த ஏரியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் கூடியதால் சாய்ந்தது என்றார்கள். படகின் கட்டுமானத்தையும், ஏற்றிய ஆள் கணக்கையும் பற்றிக் கேள்விகள் வந்தன. முதல் காரணம் மட்டும் மனசில் தங்கியது, ஏனென்றால் அது பார்த்தவர்கள்மேல் பழியைப் போடுகிறது. 'பார்க்கலாம்' என்று கூட்டிப்போனவன் தப்பித்துக்கொள்கிறான். 'லாம்' விகுதிக்குப் பொறுப்பாளி கிடையாது என்று சொன்னேன் அல்லவா, அது வெறும் இலக்கண விஷயம் இல்லை.

4

தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுற்றுலாப் பார்வைக்குத் தெரியாத ஒரே விஷயம் இதுதான். அதற்கு ஏரி என்பது கரைக்குள் முடிந்துபோகிற படம்.

1980களின் நடுவில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து ஒரு பழைய தெர்மாமீட்டர் ஆலை பெயர்த்தெடுக்கப்பட்டுக் கொடைக்கானலுக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். குளிர்ந்த ஊர், சுத்தமான காற்று, மலிவான ஆட்கள். சுற்றுலா நோட்டீஸ் சொன்ன அதே காரணங்கள் ஆலைக்கும் பொருந்தின. பாதரசத்தைக் கையில் அள்ளிய இளைஞர்களும் பெண்களும் அதை விஷம் என்று தெரியாமல் வேலை பார்த்தார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் வெளிப்பட்டது. ஆலை மூடியது. 2003ல் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே கப்பலேறியது. 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் கம்பெனி ஒப்பந்தம் செய்தது 2016ல். ஆலையால் உடல்நலம் கெட்டது என்பதைக் கம்பெனி ஏற்கவே இல்லை. இந்தப் பதினைந்து வருஷத்தில் எத்தனை சீசன் வந்துபோயிருக்கும், எத்தனை லட்சம் பேர் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விட்டிருப்பார்கள்.

அந்த ஏரியின் தண்ணீரிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006ல் வெளியான விஞ்ஞானிகளின் ஆய்வு சொன்னது. ஆலை இருந்த மேடு பாம்பாற்றுச் சோலைக்கு மேலே. பாம்பாறுதான் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. அங்கிருந்து வைகைப் படுகை. சாத்தூர், விருதுநகர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து குளிக்கிற அருவி, கொடைக்கானலின் கதையோடு ஒரே நூலில் கோத்தது. கீழே எவ்வளவு பாதரசம் வந்தது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வடிவத்தைத்தான் சொல்கிறேன். மேலே ஓய்வு, கீழே வாழ்வு என்று பிரித்துவைப்பது பார்வையின் ஏற்பாடு. தண்ணீர் அந்த ஏற்பாட்டை மதிப்பதில்லை.

5

'அப்போ போகவே கூடாதுங்கிறீங்களா?' என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். இங்கேதான் நம் பக்கத்துச் சிந்தனையில் ஒரு கோளாறு. ஓய்வு என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். உழைப்பைக் கும்பிட்டுக் கும்பிட்டு, உழைக்கிறவன் களைத்துப்போவான் என்பதை மறந்துவிட்டோம். மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் 1880லேயே 'சோம்பேறியாயிருக்கும் உரிமை' என்று எழுதி, ஒரு நாளைக்கு மூன்று மணிநேர வேலை போதும் என்றார். 1936ல் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆலைகளை ஆக்கிரமித்து வேலைநிறுத்தம் செய்து, சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை வாங்கினார்கள். பலர் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அந்த வருஷம்தான்.

இந்தியாவில் இதைக் கோட்பாட்டளவில் தெளிவாகச் சொன்னவர் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற 1945 நூலில், காந்தியத்தை விமர்சிக்கிற இடத்தில் அவர் வைக்கிற வாதமே ஓய்வு பற்றியது. இயந்திரமும் நவீன நாகரிகமும் மனிதனுக்கு ஓய்வைத் தருகின்றன. ஓய்வு இருந்தால்தான் அவன் விலங்கு வாழ்விலிருந்து பண்பாட்டு வாழ்வுக்கு வர முடியும். ராட்டைக்குத் திரும்பு என்பது ஏழையைப் பார்த்து ஓய்வை மற என்பது. அவர் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1945ல், ஆலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது.

அம்பேத்கரிலிருந்து பார்த்தால் ஏரிக்கரைக்கு வேறொரு அர்த்தமும் வருகிறது. சமவெளியின் பழைய ஓய்வுகளை நாம் ரொம்பக் கொண்டாடுகிறோம்: அழகர் ஆற்றில் இறங்குவது, 1645ல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய தெப்பக்குளத்தில் தைப்பூசத் தெப்பம், குலசாமி கும்பிடு. வணிகமில்லாத, கூட்டான ஓய்வுகள் என்கிறோம். பாதி நிஜம். மீதி என்ன? கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கிற உரிமைக்காகத் தலித்துகள் 1990களிலிருந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. திருவிழாவில் நீ எந்தத் தெரு என்ற கேள்வி தீராது. ஏரியைச் சுற்றும் ஐந்து கிலோமீட்டர் ரோட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு சேரிப் பையன் வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டு ஓட்டலாம். இந்த இடத்தில் 'லாம்' விகுதி நிஜமாகவே எல்லோருக்குமானது. சுற்றுலாவை மொத்தமாக வெறுக்கிற விமர்சனம் இந்தப் பையனின் ஒரு மணி நேரத்தையும் சேர்த்துத்தான் வெறுக்கிறது. நமக்கு அது வேண்டாம்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவன் வந்துசேர வேண்டுமே. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக்கடைசியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பு போட்டார்கள். இது ஏழைகளுக்கு எதிரானது என்று சிலர் எழுதினார்கள். வாசித்துவிட்டு எழுதியிருக்கலாம். அரசு பஸ்ஸுக்கு விலக்கு உண்டு. உத்தரவு எண்ணுவது வண்டிகளை, மனிதர்களை இல்லை. காரில் நாலு பேர் போவதைவிடப் பஸ்ஸில் அறுபது பேர் போவது மலைக்கு நல்லது என்கிற எளிய கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கை நாம் பற்றிக்கொள்ள வேண்டும்.

உத்தரவு எண்ண முடியாதது வேறு. அப்பளம் இடுகிற பெண், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பெண், கொத்தனார், சித்தாள், ஆட்டோக்காரர். 1948 தொழிற்சாலைச் சட்டம் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு தந்தது, ஆலைக்குள் இருந்தவருக்கு. வீட்டுத் திண்ணையில் வேலை பார்ப்பவருக்கு அது பொருந்தவில்லை. விடுமுறையே இல்லாத ஆளை மலையடிவாரத்தில் நிறுத்திப் பாஸ் கேட்க வேண்டியதில்லை. அவள் ஊரைத் தாண்டியே வரவில்லை. கொடைக்கானலின் லாட்ஜ் பையனும் குதிரைக்காரனும் இதன் மறுபக்கம். நமக்குச் சீசன் என்றால் விடுமுறை, அவர்களுக்குச் சீசன் என்றால் விடுமுறை ரத்து.

ஆகவே தோழர்கள் அடுத்த முறை திட்டம் போடும்போது சில காரியம் செய்யலாம். பஸ்ஸில் போகலாம். அறை எடுக்கிற லாட்ஜில், வேலை பார்ப்பவர்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் லீவு என்று கேட்கலாம்; பதில் வராது, கேட்ட கேள்வி நிற்கும். அம்மாவின் பையை வாங்கிக்கொள்ளலாம். இவை தனிமனித நாகரிகம் மட்டுமே, அரசியல் ஆகிவிடாது. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பணம் தருகின்றன. வருஷத்தில் ஏழு நாள் கூலியோடு விடுப்பு என்பதை அந்த வாரியங்களிடம் நாம் கோரிக்கையாக வைத்திருக்கிறோமா? கூலி உயர்வுக்கு எழுதிய துண்டறிக்கைகளில் ஓய்வு என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பளக்காரப் பெண் அரசு பஸ்ஸில் ஏறி, கூலி பிடிப்பில்லாமல், யாருக்கும் இட்லி கட்டாமல் அந்த ஏரிக்கரையில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு என்ன சட்டம் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுவது நம் வேலை.